முந்தி வரும் அலை

அரமாகி தொகுஜி சட்டையைத் தூக்கிப் பிடித்து
மூச்சை உள்ளுக்கு இழுக்கிறார்.
எல்லோரும் செய்வதுதான்.
நான் நாடாவோடு காத்திருக்கிறேன்.
எவ்வளவு நேரம் தம் கட்ட முடியும்?
தொப்புளைச் சுற்றி தொண்ணூற்றேழு.

பணியில் பழகிய விரல் தானாக நீள்கிறது.
சொந்த வயிற்றையே சிக்னலாக்கி
உரக்கச் சொல்கிறார்: "தொண்ணூற்றேழு. சரி!"
சிரிக்காமல் குறித்துக்கொள்கிறேன்.
சரியில்லை.

யொனாகோவிலிருந்து கடலோரமாகப் போகும்
ஒற்றைப் பெட்டி டீசல் ரயில்.
இருபத்தொன்பது வருடமாக அதன் ஓட்டுநர்.
பதினோரு வருடமாகச் சர்க்கரை.
காலையில் இரண்டு மாத்திரை, இரவில் ஒன்று.
இரவு என்பது அவருக்குக்
கடைசி வண்டியை நிறுத்திவிட்டு
பன்றிக் கொழுப்பு மிதக்கும் நூடுல்ஸ் கிண்ணத்தின் முன்
கண்ணாடி ஆவியடிக்க உட்காரும் நேரம்.

தொப்புள் மட்டத்தில் அவரைக் குறுக்கே அரிந்த படம்
திரையில் கிடக்கிறது, முள்ளங்கி வில்லை மாதிரி.
தோலுக்கடியில் மெல்லிய வளையம் ஒன்று:
கிள்ளினால் அகப்படும், மகள் தட்டிக் கேலி செய்வாள்.
உள்ளே, குடல் மடிப்புகளுக்கிடையில்,
கணினி நீலம் பூசிய இடமெல்லாம் வேறொன்று.
அது சும்மா இருப்பதில்லை.
ராப்பகலாக ரத்தத்தில் எதையோ கசியவிடுகிறது.
ஈரல் கொழுக்கிறது, கணையம் களைக்கிறது,
தமனியின் சுவர் யாருக்கும் தெரியாமல் விறைக்கிறது.
வலிக்காது. அதுதான் சங்கடம்.

படுக்கச் சொல்கிறேன்.
கைகளில் இரண்டு, கணுக்கால்களில் இரண்டு,
பட்டைகள் நான்கும் ஒருசேர உப்புகின்றன.
இதயத்தில் கிளம்பிய அலை
கணுக்காலை எப்போது தொடுகிறது,
அவ்வளவுதான் சோதனை.
இளகிய குழாயில் அது அசைந்தாடி வரும்,
போகிற வழியெல்லாம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து.
விறைத்த குழாயில் நேரே பாயும்.

விநாடிக்குப் பத்தொன்பது மீட்டர்.

"வேகம் நல்லதுதானே?" என்பார்கள் மற்றவர்கள்.
இவர் கேட்டது: "எவ்வளவு முன்னதாக?"

ஒரே ஒரு தடவை, ஒரு பிப்ரவரியில்,
இருபது விநாடி முந்தி வண்டியை எடுத்துவிட்டாராம்.
பனி படிந்த படிக்கட்டில்
பள்ளிச் சீருடையில் ஒரு பெண் ஓடி வந்துகொண்டிருந்தாள்.
பக்கக் கண்ணாடியில் சிறுத்துச் சிறுத்து
புள்ளியானாள்.
"பிந்தினால் பனியைச் சொல்லலாம்" என்றார்
கூரையைப் பார்த்தபடி,
"முந்தினால் எதைச் சொல்ல?"

பிறகுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.
போன அலை திரும்பியும் வரும், அரமாகி-சான்.
இதயம் கதவை மூடிய பிறகு வந்தால் உதவி.
உங்களுடையது முந்தி வருகிறது,
கதவு திறந்தே இருக்கும்போது,
அடுத்த தள்ளலுக்கு எதிரே.

எழுந்து உட்கார்ந்துவிட்டார், பட்டைகளோடு.
"ஒற்றைத் தண்டவாளம்" என்றார்.

இடுப்பு இறங்கினால் அலை நிதானிக்குமா?
வயிறு முதலில் கேட்கும் என்றேன்.
தமனி கடைசியில்.
சில சமயம் கேட்காமலும் போகும்.

ஜனவரியில் அக்காவைப் பார்க்க அந்த வண்டியில் போனேன்.
எதிர்வண்டிக்கு வழிவிட
எட்டு நிமிடம் நிற்கும் நிலையம்.
ஆறு பெட்டிக்கென்று கட்டிய நடைமேடை,
நின்றதோ ஒன்று.
மிச்சமிருந்த ஐந்து பெட்டி நீளத்தையும்
பனியில் நடந்துகொண்டிருந்தார்,
வெள்ளைக் கையுறையோடு, அந்தக் கோடிவரை,
திரும்பி, மறுபடியும்.

இப்போது தொண்ணூற்று நான்கு.
அலை பதினெட்டரை.
அதைப் பெரிதாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

எதிர்வண்டி வந்து ஒதுங்கியது.
பச்சை விழுந்தது.
விரல் நீட்டினார், வாய் திறந்து சொன்னார்.
இன்னும் பதினைந்து விநாடி இருந்தது.
கைப்பிடிமேல் கை வைத்து
அதையும் இருந்து தீர்த்துவிட்டுத்தான் எடுத்தார்.