இருப்பு விவரம்

வருடத்துக்கு ஒருமுறை
தக்கலையில் வைத்து ஐரோப்பாவை எண்ணுகிறோம்,
நானும் ரசலையனும்.
அவர் எடுத்துத் தருவார். நான் எழுதுவேன்.

வெளியே சாரல்.
மார்த்தாண்டம், மார்த்தாண்டம் என்று ஒரு கண்டக்டர் குரல்.
உள்ளே கவிழ்த்துப் பிடித்த பீங்கானின் அடியில்
குறுக்கே கிடக்கும் இரண்டு நீல வாள்கள்.
ரோஜா வரைந்தவனுக்கு எதற்கு வாள்?

பதிவேடு எழுதிய பழைய எழுத்தர் யாரோ,
முத்து முத்தான கையெழுத்து.
எண் 14. ஆட்டிடைச்சி, வெள்ளைக்காரி.
இடது சுண்டுவிரல் இல்லை. சிரிப்பு உண்டு.
எண் 31. நீலத் தட்டு. காற்றாலைப் படம்.
(ஆரல்வாய்மொழிக்கு அனுப்பினால் சுற்றும் என்பார் ரசலையன்,
ஒவ்வொரு வருடமும்.)
எண் 58. பொஹீமியச் சிவப்புக் குப்பி.

ஐம்பத்தெட்டை சன்னலோரம் கொண்டுபோகையில்
அவர் காக்கிச் சட்டையில் ஒரு செம்பருத்தி விழுந்து
நடக்க நடக்கக் கூடவே வரும்.

இருநூற்றுப் பதினொன்று இருக்கவேண்டும்.
இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தது.

குறைந்தால் படிவம் உண்டு.
கூடினால்?
மூன்று தடவை எண்ணினேன்.
எண் 90. கீரிப்பாறை எஸ்டேட் பங்களா தேநீர் செட்,
பொன் விளிம்பு, ஊதாப் பூ.
சாசர் ஆறு, இருப்பு ஆறு.
கோப்பை ஆறு, இருப்பு ஐந்து. ஒன்று உடைந்தது.

ஐந்துக்கு நடுவில் ஆறாவது உட்கார்ந்திருந்தது,
பிடி இல்லாமல்.

ரசலையன் பஞ்சை மடித்துக்கொண்டிருந்தார்.
மடித்ததையே மறுபடி.
"ஒடையலை மேடம். காதுதான் போச்சு.
காது போனதுல பங்களாவுல யாரும் குடிக்க மாட்டாவ.
அம்மைக்குக் குடுத்தாவ.
பொறவாசல் படியில இருந்து கட்டன் குடிப்பா.
அதுக்கு முன்னால செரட்டை."

கொதிக்கக் கொதிக்க இதை
எப்படிப் பிடித்திருப்பாள்?
முந்தானையைச் சுற்றியா?
ஆறட்டும் என்று விட
யார் விட்டார்கள் அவளை?

உள்ளே பழுப்பு வளையம், வளையத்துக்குள் வளையம்.
பஞ்சோடு வந்த அவர் கையைத் தடுத்தேன்.

ஐந்தை அடித்து ஆறு என்று எழுதினேன்.
நிலை: பிடி இல்லை. கறை உண்டு.
கொடுத்தவர் கட்டத்தில் ஐந்துக்கும் சேர்த்து
ஒரு துரையின் பெயர், பட்டங்களோடு, மூன்று வரி.
அதன் கீழே கொஞ்சம் இடம்.

"அன்னப்பழம்" என்றார்.
"ரெண்டு சுழி."

சாசர்? என்று கேட்டுவிட்டேன்,
படிவத்தில் கட்டம் இருந்ததால்.

"அது ஒடையலேல்லா."