மூன்றாம் பக்கத்தில் ஒருத்தி

மஞ்சக்குப்பத்தில் கரண்ட் வந்தபோது மணி பதினொன்றேகால்.
பண்ருட்டி முந்திரிக்காரரை
முதல் பக்கத்தில் ஏற்றியவள் நான்.
திருப்பாதிரிப்புலியூர் பல் டாக்டரை,
முதுநகர் ஐஸ் பேக்டரியை.
என் தளம் மட்டும் மூன்றாம் பக்கத்தில்,
சென்னைக் கம்பெனிகளுக்கு அடியில்,
ஒரு கல்யாண மண்டபத்துக்கும் கீழே.

திறந்து பார்த்தேன்.
ஐந்து வருஷமாகத் தலைப்பு 'முகப்பு 1'.
அழித்துவிட்டு அடித்தேன்:
தில்லைநாயகி, இணையதள வடிவமைப்பாளர், கடலூர்.
கடலூருக்கு ஆங்கிலத்தில் நான்கு எழுத்துக்கூட்டல்,
தேடுகிறவர் எதைப் போடுவாரோ.

தேவனாம்பட்டினம் கடற்கரைப் படம் ஏழு எம்பி.
அலை இறங்கி முடிப்பதற்குள்
வந்தவர் போய்விடுவார். சுருக்கினேன்.
நுரை கட்டம் கட்டமாகிவிட்டது, போகட்டும்.

உடைந்த சுட்டிகள் ஆறு.
ஒன்று, பாக்கி தராத ஜவுளிக்கடைக்குப் போகிறது.
அங்கே யாருமில்லை என்கிறது.
எனக்கு முன்பே தெரியும்.

அடுத்து என் புகைப்படம்.
தேடுபொறிக்குக் கண் கிடையாது,
படத்தில் இருப்பதை எழுதிச் சொல்ல வேண்டும்.
'மேசை முன் ஒரு பெண்.'
அழித்தேன்.
'சிரிக்கும் பெண்.' இல்லை, அது
போட்டோக்காரர் கேட்டதால் வந்தது.
விடியும்வரை
அந்த ஒரு கட்டம் காலியாகவே கிடந்தது.

மூன்று வாரம் கழித்து
மருந்துக்கடை ஜபருல்லாவிடம் போன் வாங்கித் தேடினேன்.
என் போனுக்கு என்னைத் தெரியும்,
தாட்சண்யம் பார்க்கும்.
இரண்டாம் பக்கம், நான்காவது ஆள்.

கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.
அவர் எட்டிப் பார்த்தார்.
"முதல்ல இருக்காங்களே, அவங்க நல்லாப் பண்ணுவாங்களா?"
என்றார்,
மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடி.