அறுநூறு மில்லி

செவ்வாய், வியாழன், சனி.
மூன்று நாள் ரத்தத்துக்கு.
மிச்சம் நாலும் தாகத்துக்கு.

ஆறாம் மாடி ஜன்னலுக்கு வெளியே
நிலக்கரிப் புகையை இழுத்துப் போர்த்திக்கொண்டு
காலை பத்து மணிக்கும் எழ மாட்டேன் என்கிறது உலான்பாதர்.
உள்ளே எங்கள் இரண்டு இயந்திரங்கள்.
அனுஜினுடையது நடுநடுவே விக்கும்;
கிழட்டு ஒட்டகம் என்று பெயர் வைத்திருந்தாள்.
என்னுடையதற்கு நான் பெயர் வைக்கவில்லை.
வைத்தால் நம்முடையதாகிவிடும்.

ஒரு நாளைக்கு அறுநூறு மில்லி.
சூப்பும் கணக்கு. மாத்திரைக்கு விழுங்கும் மடக்கும் கணக்கு.
அம்மாவின் உப்புத் தேநீர்
வாசனையோடு சரி.
ஐஸ் கட்டியைக் கண்டுபிடித்தவள் அனுஜின்தான்:
ஒன்று பதினைந்து மில்லி,
கன்னத்தில் ஒதுக்கினால் ஒரு பாடவேளை தாங்கும்.
கணக்கில் மூன்று முறை தோற்றவள்,
இதில் மட்டும் தசமப் புள்ளி பிசகாது.

பேருந்தில் ஒருத்தி எங்கள் கைகளைப் பார்த்து
தொற்றுமா என்று கேட்டாள்.
"தொற்றும்," என்றாள் அனுஜின்.
"முதலில் மூத்திரம் நிற்கும்.
அப்புறம் புத்தி வரும்."
அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள் அவள்.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
என் முழங்கைப் புடைப்புக்குள் ஓடும் ரத்தம்
பூனை மாதிரி உறுமியது.
அவள் தன் கையை அதன் மேல் வைத்தாள்.
இரண்டு பூனைகள்.

முப்பத்தொரு டிகிரி உறைகுளிரில் ஒரு மாலை,
கடை விளிம்பிலிருந்து பனிக்குச்சி ஒன்றை ஒடித்தாள்.
"எவ்வளவு இருக்கும்?"
"நாற்பது."
ஆளுக்குப் பாதி.
புகையும் துருவும் ருசித்தது,
அதைவிட நல்லதை நான் இன்னும் குடிக்கவில்லை.

மார்ச்சில் அவள் அண்ணன் சிறுநீரகம் கொடுத்தான்.
ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள்.
இரவு இரண்டு மணிக்கு என் போன் மினுங்கியது:
"போனேன்."
அடுத்தது: "சத்தம் வந்ததுடி. குதிரை மாதிரி."

சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன்.
பிறகு போனைக் கவிழ்த்து வைத்தேன்.
விடியும்வரை பதில் போடவில்லை.
தூங்கிவிட்டேன் என்று சொன்னேன்.
அவள் நம்பினாளா என்று
நான் கேட்டதில்லை.

கிழட்டு ஒட்டகத்தில் இப்போது ஒன்பது வயதுப் பையன்.
ஊசி போடும்போது அழுகிறான்.
ஒட்டகம் அவனுக்கும் விக்குகிறது.

ஜூனில் ஒரு சனிக்கிழமை வந்தாள்,
முகக்கவசத்துக்குள் அடங்காத கன்னங்களோடு.
மாத்திரை ஊதவைத்த முகம்.
"அழகா இருக்கேன்னு மட்டும் சொல்லிடாதே."
சொல்லவில்லை.
தினம் மூன்று லிட்டர் குடிக்க வேண்டுமாம்,
குடித்தே சாகிறேன் என்றாள்,
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
அவள் பைக்குள் தண்ணீர் பாட்டில்.
ஒரு மணி நேரம் அதை வெளியே எடுக்கவில்லை.
உதடு காய்ந்திருந்தது.
எனக்குத் தெரியாத உதடா அது?

"குடி," என்றேன்.
திரும்பி உட்கார்ந்து,
திருட்டுப் பால் குடிப்பவள் மாதிரி
மெதுவாக, ஓசையில்லாமல் குடித்தாள்.

"இந்தப் பக்கம் திரும்பு," என்றேன்.
"சத்தம் வரக் குடி."