கட்டத்துக்குள் ஒரு எண்

நாற்பத்து நாலு வயதில்
எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவளுக்கு இருபத்தாறு.
என் பெரியவளைவிட மூன்றே வயது மூத்தவள்.

மணலி கன்டெய்னர் யார்டுக்கு
நான் பெருக்கத்தான் போனேன்.
காற்றில் அழுகின முட்டை நாற்றம்,
ஒரு வாரத்தில் மூக்குக்குப் பழகிவிடும்.
ஒருநாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு
பெட்டிகளின் நம்பரை உரக்கப் படித்தேன்,
சும்மாதான், வருகிற பஸ்ஸின் போர்டைப் படிப்பதுபோல.
பின்னால் ஷப்னம் நின்றது தெரியாது.
"எதுவரைக்கும் படிச்சீங்க, அம்சாக்கா?"
பத்தாவது. கணக்கில் ஃபெயில்.
"அப்ப கணக்கெழுதற வேலைக்கு வாங்க" என்றாள்.
சிரிக்கவில்லை அவள்.
சிரித்ததெல்லாம் தேரடியில், என் வீட்டில்.

நாலு எழுத்து, ஆறு எண்,
கடைசியில் சின்னக் கட்டம் போட்டு
தனியாக ஒன்று.
"அது நம்பர்ல சேராதுக்கா.
ஒரு கிலோ சரக்கு கூட அதால ஏறாது.
முன்னாடி இருக்கற எல்லாத்தையும் பெருக்கிக் கூட்டி
பதினொண்ணால வகுத்தா மீதி அது வரணும்.
வரலன்னா எங்கயோ தப்பா எழுதிட்டோம்னு அர்த்தம்."
எழுத்துக்கு எத்தனை மதிப்பென்று
பிஸ்கட் அட்டையைக் கிழித்து எழுதித் தந்தாள்.
அரிசி டப்பாவுக்குள் வைத்து
இரவில் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

ஐப்பசி மழை. ராத்திரி ஷிப்ட்.
டார்ச் வெளிச்சத்தில் ஒன்றை ஏழாக எழுதினேன்.
கணக்குப் போட்டுப் பார்க்கச் சோம்பல்.
யாருடைய பெட்டியோ
யாருடைய டிரெய்லரிலோ ஏறி
கேட்டைத் தாண்டிவிட்டது.

மேனேஜர் அவளைத்தான் கூப்பிட்டார்.
மழை என்று சொல்லியிருக்கலாம்.
நான்தான் சார் கவனிக்கல என்று
தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கலாம்.
"அம்சவேணி சொல்லுவாங்க சார்" என்றாள்.
அந்த நிமிஷம் அவளை வெறுத்தேன்.
நாக்கு ஒட்டிக்கொள்ள, நடந்ததை நானே சொன்னேன்.
எனக்கு முன்னால் வந்து அவள் மறைக்கவில்லை.
வெளியேயும் போகவில்லை.
கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்
ஈரச் செருப்போடு நின்றிருந்தாள்.

பிறகு அவள் ஸ்கூட்டியில்
எண்ணூர் சாலைக்குப் போனோம்.
ஊரே சபிக்கிற அந்த டிரெய்லர் வரிசை
அன்றைக்கு நகராமல் கிடந்து என்னைக் காப்பாற்றியது.
ஒவ்வொரு வண்டியாக டார்ச் அடித்து
நாற்பத்தொன்றாவதில் கண்டுபிடித்தோம்.
டிரைவர் நல்ல தூக்கத்தில் இருந்தார்.
"எழுப்புங்க" என்றாள்,
அதையும் என்னிடமே.

அவள் சொன்னவை அதிகமில்லை.
சாரி என்று ஆரம்பித்துப் பேசாதீங்க.
சம்பளம் கேட்கும்போது தரையைப் பார்க்காதீங்க.
தெரியாததைத் தெரியலன்னு சொல்லுங்க,
ஆனா நாளைக்கும் அதையே சொல்லாதீங்க.
சொல்லாமல் செய்ததும் ஒன்று உண்டு.
நான் இல்லாத அறையில், ஒரு மீட்டிங்கில்
மூன்று முறை என் பேரைச் சொன்னாளாம்.
டீ கொண்டுபோன இன்பராஜ்
எண்ணிக்கொண்டு வந்து சொன்னான்.

தை மாதம் கிருஷ்ணபட்டினம் துறைமுகத்தில்
அவளுக்குப் பெரிய வேலை கிடைத்தது.
போகும்போது பரிசு எதுவும் தரவில்லை.
எனக்கு இரவல் தந்திருந்த பேனாவை
நினைவாகத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.
விம்கோ நகர் ஸ்டேஷன் படியில்
நான் அழப் பார்த்தேன்.
"ரயில் வந்துடும்க்கா" என்று ஏறிப் போனாள்.

இப்போது ராத்திரி ஷிப்ட் என் பொறுப்பில்.
முதல் மாதம் சந்தேகம் வந்தபோதெல்லாம்
போனை எடுத்து அவள் பேர்வரைக்கும் போய்
திரும்ப வைத்திருக்கிறேன்.
இரண்டு முறை கூப்பிட்டும் இருக்கிறேன்.
"நீங்க என்ன நினைக்கறீங்க?" என்பாள்,
அதற்குமேல் மூச்சு சத்தம் மட்டும் வரும்
நான் நினைத்ததைச் சொல்லும்வரை.

இன்றைக்கும் மழை.
துருப்பிடித்த நீலப்பெட்டி ஒன்று
விளக்கடியில் சொட்டிக்கொண்டு நிற்கிறது.
கட்டத்துக்குள் இருக்கும் எண்ணைக்
கட்டைவிரலால் மூடிக்கொள்கிறேன்.
அட்டை எப்போதோ கரைந்துபோயிற்று,
மனதிலேயே பெருக்குகிறேன், கூட்டுகிறேன்,
பதினொன்றால் வகுக்கிறேன்.
நாலு வர வேண்டும்.

விரலை எடுக்கிறேன்.