அரை மில்லிமீட்டர்

வீட்டை விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொண்டோம்.
குட்டி விமானத்தின் எஞ்சினை என்ன செய்ய?
ப்ரொப்பெல்லர் டெஜோவுக்கு, புகைக்குழல் எனக்கு.
இரண்டரை சி.சி. எஞ்சின் மட்டும்
வாரம் ஒருவர் வீட்டில்.

சனிக்கிழமை.
சோல்நோக்கில், மூடிய சர்க்கரை ஆலைக்குப் பின்னால்
வட்டமாய் ஒரு சிமெண்டுத் தரை.

அவன் கொண்டுவந்தது ஒற்றை இறகு;
மறுபக்கம் ஈயத் துண்டு, எடைக்கு எடை.
நுனியில் ஒரு சொட்டு வார்னிஷ் கூடிவிட்டதென்று
உப்புத்தாளால் தடவிக்கொண்டே இருந்தான்.
"குழல் நீளம்," என்றான், என்னைப் பார்க்காமல்.

நீளம்தான். எனக்கும் கேட்டது:
சளி கட்டிய தொண்டை மாதிரி
ஏறப் பார்த்து ஏறாத சுருதி.

எரியாமல் நழுவிப்போகும் வாயுவை
குழலின் கூம்பு வழிமறித்து,
கதவு சாத்துமுன்
திரும்ப உள்ளே தள்ள வேண்டும்.
முந்தினால் சூடேறிப் பிளக் கருகும்.
பிந்தினால்
போனது போனதுதான்.

அரை மில்லிமீட்டர் அராவினேன்.
அராவியதை ஒட்ட முடியாது என்பதால்
மூச்சை அடக்கிக்கொண்டு.

மெத்தனால், விளக்கெண்ணெய்ப் புகை.
இருபத்தாறாயிரம், இருபத்தாறரை
என்று முனகிக்கொண்டிருந்தது
சட்டென்று கோடித்துணி கிழிவதாய்க் குரல் மாறியது.
இருபத்தெட்டாயிரத்து நானூறு!

டெஜோ ஏதோ சொன்னான்.
வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.
"என்ன?" என்று நானும் கத்தினேன்.

எரிபொருள் தீர்ந்து நின்றபின் கேட்டேன்.
"ஒன்றுமில்லை, ஸ்பேனர் கேட்டேன்."
ஸ்பேனர் அவன் கையில்தான் இருந்தது.

இந்த வாரம் எஞ்சின் என் முறை.
சூடு ஆறுமுன்னே
தன் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தான்.