நாலாவது முயற்சி

போன வருஷம் எழுபத்தாறு முறை உதைத்தேன்.
பத்து ஆட்டம், ஒன்பது தோல்வி.
அந்த வட்டாரத்திலேயே அதிகம் உழைத்த வலதுகால் என்னுடையது.

கால்பந்து என்று பெயர்தானே தவிர
இங்கே எல்லாம் கையால்.
மூன்று முயற்சியும் வீணாகி
இனி ஒன்றுமில்லை என்றான பிறகுதான்
காலைக் கூப்பிடுவார்கள்.
ஓடிப் போய்
பந்தை எதிரிக்கே கொடுத்துவிட்டு வருவேன்,
முடிந்தவரை தூரத்தில்.

ஹாலோரன் கல்லூரி, மொன்டானா.
மேற்கே மலை, கிழக்கே கோதுமைக் கிடங்கு,
நடுவில் காற்று.
தெற்கு வாசலிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தால்
பந்தைத் தாழ விடவேண்டும்.
இது எனக்கும் ஓரின் பையட்டுக்கும் மட்டும் தெரியும்.
குனிந்து, கால்களுக்கு நடுவே
எனக்குப் பந்தைத் தள்ளுகிறவன் ஓரின்.
மூன்று வருஷமாக என்னைத் தலைகீழாகவே பார்க்கிறவன்.
"காற்று எப்படி?" என்பான் ஒவ்வொரு முறையும்.

மார்ச்சில் வந்தார் புதுக் கோச், வெர்லன் ஸ்டக்கி.
பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ரா நடத்தியவர்.
டிரக்கில் ஒரு மெத்தை, ஒரு புரொஜெக்டர்,
காது கேளாத நாய்.
முதல் கூட்டத்தில் பலகை முழுக்கக் கூட்டிக் கழித்துவிட்டு
"இனி நாம் உதைக்கப் போவதில்லை" என்றார்.
எல்லாரும் சிரித்தார்கள்.
பிறகு என்னைப் பார்த்தார்கள்.

செப்டம்பர். நாலாவது முயற்சி, இரண்டு யார்டு பாக்கி.
"உதை! உதை!" என்று கத்தியது மைதானம்.
வாழ்க்கையில் முதல்முறையாக
நாலாயிரம் பேர் என்னைக் கேட்டார்கள்.
கோச் அசையவில்லை.
டெலானோ ரைன்போல்ட் தலையைக் குனிந்து முட்டினான்,
மூன்று யார்டு.

அதற்கப்புறம் யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஜெயித்தோம். மறுபடி ஜெயித்தோம்.
கோச்சை அனுப்பிவிடச் சொன்ன வங்கி மேனேஜர்
ஐந்தாவது வாரம் முகத்தில் பச்சை பூசிக்கொண்டு வந்தார்.
சலவை அறையில் லுசில் கொப்ரீவா
என் ஜெர்சியை மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தாள்:
"இதில் துவைக்க என்ன இருக்கிறது?"
ஞாயிறுதோறும் அப்பா போனில், "இந்த வாரம்?"
"இந்த வாரமும் இல்லை."
"நல்லது."
நல்லதா என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன்.
அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, மூன்றாவது முயற்சியில்,
பந்து நழுவட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.
நழுவியது.
அப்போதும் கூப்பிடவில்லை.
அந்தப் பாவமும் வீண்.

இறுதி ஆட்டத்தில் பனி.
இருபத்தொன்றுக்குப் பதினேழு, நாங்கள் மேலே.
எட்டு விநாடி.
பந்து எங்கள் கோட்டுக்கு நாலு யார்டில்,
நாலாவது முயற்சி.
கோச் திரும்பினார். "ஹோல்கர்சன்!"
என் முதல் பெயர் அவருக்குத் தெரியுமா என்று
இன்றுவரை தெரியாது.

ஹெல்மெட்டைத் தேடி எடுத்து ஓடினேன்.
காலை உதறிக்கொண்டேன்.
காதருகே சொன்னார்:
"உதைக்காதே.
பந்தை வைத்துக்கொண்டு ஓடு, மணி தீரும்வரை.
தீர்ந்ததும் பின்கோட்டைத் தாண்டு.
அவர்களுக்கு ரெண்டு புள்ளி போகும், போகட்டும்.
நாலில் ரெண்டு போனால்?"
"ரெண்டு, சார்."
"போ."

ஓரின் குனிந்தான். "காற்று எப்படி?"
பதில் சொல்வதற்குள் பந்து வந்துவிட்டது.

ஒரு மூச்சுக்கு மேல் அதை நான் வைத்திருந்ததே இல்லை.
இத்தனை கனமா?
இடதுபக்கம் ஓடினேன். ஆறு பேர் வந்தார்கள்.
வலதுபக்கம். வழுக்கி, கை ஊன்றி, எழுந்து,
சந்தையில் கயிறறுத்த கன்றுபோல.
யாரோ சட்டையைப் பிடித்தான், கிழிந்தது.
மூன்று, இரண்டு,
கோட்டை மிதித்தேன்.

பதிவேட்டில் அந்த வருஷம் என் பெயர்
ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது,
எதிரிக்குக் கிடைத்த இரண்டு புள்ளிகளுக்கு நேராக.
கோப்பைப் படத்தில் ஓரத்தில் நிற்கிறேன்,
சட்டையெல்லாம் சேறு, கையில் பந்து.
வாங்கி வைக்க யாருக்கும் ஞாபகமில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓரின் வந்தான்,
நேராக நின்றால் என்னைவிட உயரம்.
"காற்று எப்படி இருந்தது?"

"கவனிக்கவில்லை" என்றேன்.