முப்பத்தொன்றாம் துண்டு

உறைந்த கடலை நாற்பதாக நறுக்கி
கார்ட்லா ஊரின் நாற்பது கணினிகளுக்கு
அனுப்பிவிட்டான் ரைவோ.
பள்ளிக்கு இருபது, நூலகத்துக்குப் பதினொன்று,
மிச்சம்
யார் வீட்டில் எது அணைக்காமல் கிடந்ததோ அதற்கு.

கேள்வி ஒன்றுதான்:
விடிந்தால் பனிச்சாலை ஒரு வேனைத் தாங்குமா?

இரண்டு மணிக்குள் முப்பத்தொன்பது வந்துவிட்டன.
பள்ளிக் கணினிகள் எப்போதும் முந்திரிக்கொட்டைகள்.
முப்பத்தொன்று மட்டும் வரவில்லை.
நடுவில் ஒரு துளையோடு
கடல் திரையில் நின்றது.

அது மீன்கடை ஹெல்யுவின் கணினி.
கணவன் படகை விற்ற வாரத்திலிருந்து
அவளுக்குத் தூக்கம் இல்லை,
தனியே சீட்டாடுகிறாள்.
கறுப்பு ராணியை எங்கே வைப்பதென்று
அவள் யோசிக்கும் இடைவெளிகளில்தான்
கணக்கு நகர்கிறது:
தடிமன், விரிசல், அடியில் ஓடும் நீர்.
வைத்தாள். நின்றது.

ரைவோ திட்டினான். காபி போட்டான். மறுபடி திட்டினான்.
அந்தத் துண்டை வேறு பெட்டிக்குத் தள்ளலாம்,
அதற்கான வரியைத்தான் இன்னும் எழுதவில்லை.

நாலரை மணி.
எந்தச் சீட்டும் அசையாத
ஒரு நீண்ட நேரம்.
அழுதாளோ, மேசையில் கண்ணயர்ந்தாளோ.
வந்தது முப்பத்தொன்று.

தாங்கும்.
இரண்டு டன் வரை.
வண்டிக்கும் வண்டிக்கும் கால் கிலோமீட்டர்.
சீட் பெல்ட் வேண்டாம்.
எல்லோரும் ஒரே இடத்தில் நிற்காதீர்கள்.

முதலில் இறங்கியது மீன்கடை வேன்.
கரை மறைந்த ஏதோ ஓரிடத்தில்,
தன் துண்டின் மேல்தான் என்று தெரியாமல்,
ஹெல்யு
கியர் மாற்றினாள்.